ஒரு சாண் சுவர்

பாதரசம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் பல் டாக்டர். ஓரிடத்தில் நிற்காது, பிடிக்கப் போனால் நழுவி ஓடும், ஆனால் பல்லடைக்க அது இல்லாமலும் ஆகாது என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் பெண் முதல் எதிர்க்கடை மருந்துக்காரர் வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதற்கும் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே.

டாக்டரின் அறைக்குப் பின்னால், ஜன்னலோரம் ஒரு நீள மேசை. இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து பொய்ப்பல் செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. வாய்க்குள் எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்து, அந்த வெள்ளைத் தாடையின் மேல் புதுப்பல்லைச் செதுக்கிப் பொருத்துவாள். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிடுசிடுக்கிறார்கள். ஆனாலும் ஒரு பல்லாவது அவள் கையைவிட்டு ஒரே தடவையில் போனதில்லை. டாக்டர் வாங்கிக்கொண்டு நாலடி வைத்திருப்பார், பின்னாலேயே போய், "டாக்டர், அதை ஒரு நிமிஷம் குடுங்க, ஓரத்துல ஏதோ உறுத்துது," என்று வாங்கி வந்துவிடுவாள். ஓரத்தில் ஒன்றும் இருக்காது.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்வாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அவள் கணவர் டைலர். அவர் நேர் எதிர். காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாரென்றால் நாற்காலியும் அவரும் ஒன்று. இவர்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்ட தெய்வம் சராசரி பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

"உனக்கு இந்த உலகத்துல எதுதான் சரியா இருக்கு?" என்று டைலர் அடிக்கடி கேட்பார்.

"நீங்க சரியா இருக்கீங்க. உங்க சட்டைக் காலர்தான் கோணலா இருக்கு," என்பாள்.

இப்படிப்பட்டவளைப் பொம்மை ரயில் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு சொத்தைப் பல். ரொட்டிக் கடை வைத்திருப்பவர் ஒருவருக்கு அது. வாய் திறந்தால் விசில் அடிப்பார், பேச்சில் பாதி ரயில் பேச்சு, அதனால் அவருக்கு கார்டு என்று பெயர். அவர் கடை மாடியில் பத்துப் பேர் கூடி, ஊர் ரயில் நிலையத்தையே மேசைமேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் உண்டு, கைவிரல் நீள எஞ்சின் உண்டு, சிக்னல் விளக்குக்கூட எரியும். கட்டடங்கள் மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியவை, பார்த்தால் பிஸ்கட் டப்பாவை வரிசையாக வைத்ததுபோல இருக்கும். பல் கட்ட வந்த கார்டு, அவள் ஒரு கடைவாய்ப் பல்லில் மேடும் பள்ளமும் செதுக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலியை மறந்துவிட்டார்.

"அம்மா, இதே கையால கல் செதுக்க வருமா?" என்று கேட்டார்.

"எவ்வளவு பெரிய கல்?"

"அரிசி அளவு."

வந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியமெல்லாம் அவள் ரொட்டிக் கடை மாடியில்தான். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்துப் பல் பிளாஸ்டரை மெல்லிய பலகையாக ஊற்றுவாள். அது நகம் பட்டால் பதியும் பதத்துக்கு வந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும், முந்தினால் குழையும், பிந்தினால் உதிரும். பல் சுரண்டும் கொக்கியால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு கீறுவாள். ஒவ்வொரு கல்லின் முகத்தையும் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படிச் சாய்ப்பாள். தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்தினால் கல்லுக்குச் சொரசொரப்பு வந்துவிடும். காய்ந்ததும் நீர்த்த கறுப்பு மை, பிறகு கடுந்தேநீர், பிறகு பிரஷ்ஷை ஏறக்குறைய உலர்த்தி மேலோட்டமாக ஒரு வெள்ளைத் தடவல். பாசிக்குப் பச்சைச் சாக்பீஸ் தூள். சரக்குக் கொட்டகையும், தண்ணீர்த் தொட்டியின் அடித்தளமும், சுரங்க வாயும் அவள் கையில் கல்லாகின. சங்கத்தார் வாயைப் பிளந்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பிய்த்துப் போட்டு மூன்றாம் தடவை வேண்டாவெறுப்பாகக் கொடுத்தாள்.

கடைசியாக மிச்சமிருந்தது பெரிய சுவர்.

அதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரயில் பாதை மேட்டில் போகிறது. மேட்டு மண் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கருங்கல் சுவர் அது, பதினாலடி உயரம், அறுபதடி நீளம். மேலே இரும்புக் கம்பி வேலியும் நடைபாதையும், அதற்கப்பால் தண்டவாளம். கீழே சுவருக்கும் கடைகளின் முதுகுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்து. அந்த ஆறு கடைகளில் நடுவில் உள்ள ஒன்று டைலருடையது. பத்தொன்பது வருடமாக அந்தச் சுவரின் நிழலில்தான் அவர் தைக்கிறார். வெயில் காலத்தில் பின்கதவைத் திறந்து வைத்தால் கல்லிலிருந்து குளிர்ச்சி வரும், அந்தக் குளிர்ச்சிக்காகவே வேறு எங்கும் போகமாட்டேன் என்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை இருவரும் சுவரை அளந்தார்கள். அவள் மேலே நடைபாதையில் நின்று கம்பி வழியாக நூலில் குண்டைத் தொங்கவிட, அவர் கீழே சந்தில் நின்று நூலுக்கும் கல்லுக்கும் எவ்வளவு இடைவெளி என்று இன்ச் டேப்பால் அளந்து கத்தினார். மூன்றடிக்கு ஒரு தடவை நூல் இறங்கியது. சுவர் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு கற்கள். அடையாளத்துக்கு அவள் பற்களின் பெயரையே வைத்தாள். கூராக நீட்டிக்கொண்டிருந்தது சிங்கப்பல். நடுவில், கீழிருந்து ஏழாவது வரிசையில், அகலமாக அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தது ஞானப்பல்.

சங்கத்துக் கணக்கில் அங்கே ஓரடி என்றால் இங்கே மூன்றரை மில்லிமீட்டர். ஆக, சுவர் நீளம் ஒரு சாண், உயரம் மூன்று விரல். பிப்ரவரி முழுக்கச் செதுக்கினாள். அளந்த அளவில் ஒரு மயிரிழை பிசகவில்லை. ஜூலை இரண்டாம் வாரம் சங்கம் ஊருக்கே கண்காட்சி திறக்கப்போகிறது, மாடிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான் என்று கார்டு சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் டைலருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் பின்கதவில் நின்று சுவரைப் பார்த்தாள். ஞானப்பல்லைச் சுற்றிக் கல் கொஞ்சம் முன்னால் வந்ததுபோல இருந்தது. சங்கத்து மாடிக்கு ஓடிப்போய் தன் சுவரைப் பார்த்தாள். அது தட்டையாக நின்றது.

தப்பாகச் செய்துவிட்டோம் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு டைலரை இழுத்துப்போய் மறுபடி நூலைத் தொங்கவிட்டாள். நடுவில் முக்கால் அங்குலம் வித்தியாசம்.

"ஜனவரியில நீங்க சரியா படிக்கலை," என்றாள்.

"நான் டைலரு. எனக்கு டேப் படிக்கத் தெரியாதா?"

"அப்ப நான் தப்பா எழுதியிருக்கேன்."

"அப்படி வா வழிக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதுச் சுவர் ஊற்றிச் செதுக்கினாள். மறுபடி ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு. பழையதைக் குப்பையில் போடவில்லை. பல் வேலையில் ஒரு சட்டம் உண்டு, நோயாளி வாய் நிறையச் சிரித்துவிட்டுப் போகும்வரை பழைய அச்சை உடைக்கக்கூடாது. அந்தப் பழக்கத்தில் அடியில் தேதி எழுதி அலமாரியில் வைத்தாள்.

ஜூன் தொடக்கத்தில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் கொட்டி ஓய்ந்ததும், கண்காட்சிக்கு முன்னால் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அவளுக்கு அரிப்பு எடுத்தது. நூலை இறக்கினாள். டைலர் கீழிருந்து எண்ணைச் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஜனவரியைவிட இரண்டு அங்குலம்.

இந்தத் தடவை டைலர்மேல் பழி போடவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே அவள் செய்த ஒரு பல், நோயாளி வாயில் உட்காராமல் திரும்பி வந்திருந்தது. "இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு நடந்ததே இல்லை. கை போகிறதா, கண் போகிறதா? ராப்பகலாக இதே நினைப்பு. பொம்மைச் சுவர் தப்பானால் தொலைகிறது. பல்லும் தப்பானால் அவளுக்கு வேறு என்ன வேலை தெரியும்? தேநீர்க் கோப்பையை நீட்டிப் பிடித்து விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் யார் விரலும் நடுங்கும். மூன்றாவது சுவரைச் செதுக்கி முடித்தபோது நாலு கிலோ இளைத்திருந்தாள்.

முடித்த அன்று பிற்பகல் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு டைலர் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடையில் கூட்டமில்லை. ஒரு வாத்தியார் மட்டும் கால்சட்டையும் கையுமாக நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் முன்னாடி தச்சது டைலர். இடுப்புல ஏறவே மாட்டேங்குது. அளவு தப்பா எடுத்துட்டீங்க."

டைலர் எழுந்திருக்கவில்லை. அளவு நோட்டை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். "ஏப்ரல் ரெண்டாம் தேதி. முப்பத்தாறு. இப்ப கொஞ்சம் மூச்சை விட்டுட்டு நில்லுங்க சார்." டேப்பைச் சுற்றினார். "முப்பத்தெட்டு."

"அதெப்படி?"

"டேப் வளராது சார். தொப்பைதான் வளரும்."

வாத்தியார் அசடு வழியச் சிரித்தார். பாதரசம் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். மடியிலிருந்த காகிதம் விழுந்து, மூன்றாவது சுவரின் ஒரு மூலை உடைந்தது. அதைக்கூட அவள் குனிந்து பார்க்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய் நிஜச் சுவரைப் பார்த்தாள்.

அன்று மாலையே மூன்று சுவர்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாகக் கிடத்தி, ஒவ்வொன்றின்மேலும் சவர பிளேடை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். கை நடுங்கிச் செய்த தப்பு என்றால் கண்ட இடத்தில் இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. சிங்கப்பல் மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. மேல் வரிசை மூன்றிலும் ஒன்றுபோல. ஞானப்பல்லைச் சுற்றி அங்கே ஒரு சைக்கிள் சக்கர அளவு இடம்தான், இங்கே அது சட்டைப் பொத்தான் அளவு, வர வர உப்பியிருந்தது. ஆறு மாதமாகச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வருகிறது, அவள் ஏப்ரலிலிருந்து தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கை போகவில்லை என்ற சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தத் தொப்பைக்கு நேர் கீழே, ஒரு கை தூரத்தில், மனுஷன் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார்.

டைலர் வந்ததும் பிளேடை வைத்துக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"அந்தச் சுவர் நூறு வருஷமா நிக்குது. உன்னைப் பாத்துதான் அதுக்கும் பரபரப்பு தொத்திக்கிச்சா?"

"விளையாடாதீங்க. கடையைக் காலி பண்ணுங்க."

"காலி பண்ணி? எங்க போறது? பொம்மையைப் பாத்துட்டு யாராவது கடையைக் காலி பண்ணுவாங்களா?"

ரயில்வே அலுவலகத்துக்கும் தனியாகப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "எதை வச்சும்மா சொல்றீங்க?" "நான் அந்தச் சுவர் மாதிரியே ஒரு பொம்மை செஞ்சிருக்கேன் சார், மூணு தடவை..." அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். எழுத்து சரியில்லை என்று கிழித்து இரண்டு தடவை எழுதினாள்.

கடைசியில் அவளுக்கே வழி தோன்றியது. பல் பிளாஸ்டருக்கு வளையத் தெரியாது. ஒரு மயிரிழை இழுத்தாலும் பட்டென்று விட்டுவிடும். இரண்டு கல்லை இணைத்து மெல்லிய பட்டையாகப் பூசி வைத்தால், கல் நகரும்போது பட்டை உடையும். உடைந்த பட்டையை யாரும் பொம்மை என்று சொல்ல முடியாது.

"உடைஞ்சா காலி பண்றேன்," என்றார் டைலர். "ஒரு வாரம் டைம். உடையலேன்னா இந்தச் சுவர்ப் பேச்சையே எடுக்கக்கூடாது. சரியா?"

"சரி."

சந்தில் ஒருக்களித்து நின்று ஐந்து இடத்தில் பட்டை போட்டாள், ஒவ்வொன்றும் விரல் நீளம். பென்சிலால் தேதி எழுதினாள். அந்த ஒரு வாரம் அவள் வாழ்க்கையிலேயே விசித்திரமான வாரம். செய்ததெல்லாம் தப்போ தப்போ என்று பதைத்தே பழகியவள், முதல் தடவையாக, நான் செய்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பட்டை உடையாமல் இருந்தால் போதும். ஊரே சிரிக்கட்டும், அவர் பாட்டுக்கு உட்கார்ந்து தைக்கட்டும். மேலே ரயில் போகும் சத்தம் கேட்டால் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கைவேலை நின்றுவிடும். நடுவில் இரண்டு நாள் மழை வேறு.

எட்டாம் நாள் காலை இருவரும் சந்துக்குள் போனார்கள். ஐந்து பட்டையும் முழுசாக இருந்தன. ஒரு கீறல் இல்லை.

டைலர் முகம் மலர்ந்தது. "பாத்தியா?" என்றார். அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. அதோடு வந்திருக்கலாம். ஆனால் அவள் பாதரசம் ஆயிற்றே. முடியில் சொருகியிருந்த பல் கொக்கியை உருவி, நடுப்பட்டையின் கீழ்முனையை லேசாகத் தட்டினாள். அடியில் வெற்றாக டக் டக்கென்றது. மற்ற நாலும் அப்படித்தான்.

"ஒட்டவே இல்லை," என்றாள். "கல்லுல ஈரம். பாசி இருந்திருக்கு. சுரண்டாம பூசிட்டேன். மேல் கல்லைத்தான் பிடிச்சிருக்கு, கீழ்க் கல்லைப் பிடிக்கலை. அப்புறம் எப்படி உடையும்?"

வாயில் எப்போதும் எச்சில் ஊறும், பல்லை உலர்த்தாமல் எதையும் ஒட்டக்கூடாது என்று புதிதாக வருகிற டாக்டர்களுக்கே பாடம் எடுப்பவள் அவள். அவசரத்தில் ஈரக்கல்லில் பூசிவிட்டாள்.

டைலருக்கு இருபத்தைந்து வருடக் கோபமும் சேர்ந்து வந்தது. "உடைஞ்சா சுவர் தப்பு. உடையலேன்னா பிளாஸ்டர் தப்பு. எதுதான் உனக்கு ஒத்துவரும்? நான் செத்தாதான் நிம்மதியா?"

சொல்லக்கூடாத வார்த்தை அது. சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது. அவள் கொக்கியைத் தலையில் சொருகிக்கொண்டு, "சரி, விடுங்க," என்று வந்துவிட்டாள்.

மருத்துவமனைக்கு லீவு போட்டாள். டைலர் கடைக்குள் வந்து, துணி வெட்டும் பலகைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தாள். விழப்போகிற இடத்தில் அவர் மட்டும் எதற்கு உட்கார வேண்டும், நானும் இருக்கிறேன் என்றுதான் வந்தாள், அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியம் ஆயிற்று. கீழே நூல்கண்டு உருண்டு கிடந்தது, அவள் எடுக்கவில்லை. அவர் காலர் ஒரு பக்கம் மடிந்து நின்றது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் காலையில் வந்து அதேபோல் உட்கார்ந்தாள்.

டைலர் மெஷினை நாலு தடவை நிறுத்தினார். ஊசி கோணல் என்றார், எண்ணெய் இல்லை என்றார். உட்கார்ந்தால் எழாத மனிதர் எழுந்து எழுந்து வாசலுக்குப் போய்வந்தார். "ஏதாவது பேசேன்," என்றார். "என்ன பேச?" என்றாள். இருபத்தைந்து வருடமாக எதை நிறுத்து நிறுத்து என்று கத்தினாரோ அது நின்றுவிட்டது, அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கத்தரியையும் ஒரு துண்டு நூலையும் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். அவள் ஸ்டூலிலிருந்தே பார்த்தாள். பட்டையின் ஒட்டாத முனைக்கும் கல்லுக்கும் நடுவில் நூலை நுழைத்துப் பார்த்தார். நூல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு இடுப்பில் செருகியிருந்த பாப்ளின் சட்டைத்துணித் துண்டின் ஓரத்தை நுழைத்தார். போகவில்லை. திரும்பி வந்து தைக்க உட்கார்ந்தார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பின்னால் போனார். பாப்ளின் போயிற்று. மடித்துப் பார்த்தார், இரண்டு மடிப்பு போகவில்லை. மேலே ஒரு சரக்கு ரயில் நீளமாக ஓடி முடிக்கும்வரை கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து போகவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்கவும் இல்லை.

அதற்கடுத்த நாள் அவர் கனத்த கோட்டுத் துணியின் வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்துப் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணவில்லை. வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"கோட்டுத் துணி போகுது," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டை அப்படியேதான் இருக்கு. மேல் கல்லோட சேந்து வெளிய வந்துக்கிட்டிருக்கு." ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, துணி கனத்துக்கு விரித்துக் காட்டினார். "துணி பொய் சொல்லாது. மெஷினை ஒரு பக்கம் பிடி."

இருவருமாகத் தையல் மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். அடுத்து வெட்டுப் பலகை, கண்ணாடி, துணி அலமாரி. பத்தொன்பது வருடத்தில் இழவு வீட்டுக்குக்கூடக் கடையை மூடாதவர் நடுப்பகலில் சாமானைத் தெருவில் வைத்தால் சும்மா இருப்பார்களா? முடிவெட்டுகிறவர் கத்தரியோடு வந்தார், சாவி செய்பவர் வந்தார், மற்ற மூன்று கடைக்காரர்களும் வந்தார்கள். டைலர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு கோட்டுத் துணியைக் கையில் கொடுத்துச் சந்துக்குள் அனுப்பினார். போனவர்கள் வந்ததும் அவரவர் கடைச் சாமானைத் தூக்கினார்கள்.

பிறகு ஆறு கடைக்காரர்களும் அவளும் சேர்ந்து ரயில்வே அலுவலகத்துக்குப் போனார்கள். டைலர் ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து மூன்று சுவரையும் எடுத்து வந்தார், பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும். ஜன்னல்காரர் இந்தத் தடவை யாரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை, உள்ளே போய் பொறியாளரைக் கூட்டி வந்தார். இளம் பெண், தலையில் இன்னும் வெயில் தொப்பி. மூன்றையும் மேசைமேல் கிடத்தி, தன் எஃகு அளவுகோலை ஒவ்வொன்றின்மேலும் நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். அடியில் எழுதியிருந்த தேதிகளைப் படித்தாள். உடைந்த மூலையைத் தொட்டாள். அவள் நெற்றி சுருங்கியது.

"ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருக்கே," என்றாள். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேல ரயிலை நிறுத்தணும்னா இது எனக்குத் தெரியணும். இதுல எது சரி? எதெல்லாம் கைப்பிசகு?"

ஆறு பேரும் பாதரசத்தைத்தான் பார்த்தார்கள். ஓரத்தில் ஏதோ உறுத்துகிறது, ஒரு நிமிடம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அவள் கை பரபரத்தது. சரி என்று சொல்லிவிட்டால் கடை போகும், அந்தக் குளிர்ச்சி போகும், சாட்சிக்குச் சுவர்களை இங்கேயே வைத்துக்கொள்வார்கள், வரும் ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியும் போகும். தப்பு என்று சொன்னால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், நாளைக்குக் காலையில் மெஷினை மறுபடி அங்கேயே வைக்கலாம்.

"மூணும் சரி," என்றாள். "ஜனவரியில சுவர் அப்படி இருந்துச்சு. ஏப்ரல்ல அப்படி. ஜூன்ல அப்படி. நான் ஒரு தடவைகூடத் தப்பு பண்ணலை."

பொறியாளர் போனை எடுத்தாள். பாதரசம் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், வாய்விட்டு அழுதாள்.